மூன்று வேப்பமரத்தடியில் நாற்பத்திரண்டு பேர்

இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லித்தருவதுதான் பானுப்பிரியாவின் வேலை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். மோட்டாரையும் மிஷினையும் கழற்றி மாட்டப் போகிற பிள்ளைக்குக் கடிதாசி எழுதவா தெரியாது என்பார்கள். தெரியாதுதான். 'ரெஸ்பெக்டட் சார்' என்று கும்பிட்டு ஆரம்பித்து, 'ஐ ஹம்ப்ளி பெக்' என்று கையேந்தி, 'ஒபீடியன்ட்லி' என்று காலில் விழுந்து முடிக்கிற ஒரே கடிதம்தான் அவர்களுக்குப் பாடம். காய்ச்சலுக்கும் அதுதான், கோயில் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறதுக்கும் அதுதான்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற ரோட்டில் இருக்கிற கல்லூரி அது. ஏழு வருஷமாக அங்கே புரொபெஷனல் கம்யூனிகேஷன் எடுக்கிறாள். கெஞ்சக்கூடாது, கேட்கணும் என்பதுதான் அவள் முதல் பாடம். என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று நாலு பாயிண்ட். நமக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று ஒரு வரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினாலும் சிவப்பு மையில் அடித்துவிடுவாள். நேராக நிற்கவும், எதிராளியின் கண்ணைப் பார்க்கவும், கை குலுக்கவும் சொல்லித்தருவாள். கை குலுக்கச் சொன்னால் பொம்பளைப் பிள்ளைகள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நெளியும். அவளும் ஒரு காலத்தில் அப்படி நெளிந்தவள்தான். எம். புதுப்பட்டியில் காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறுகிற மாரித்தாயின் மகள் அவள். அப்பா போய்ப் பத்து வருஷமாகிறது. வீட்டில் தாயும் மகளும்தான்.

அந்த ஆனி மாதம் கடைசி வருஷப் பிள்ளைகளுக்குப் புகார்க் கடிதம் எழுதச் சொல்லியிருந்தாள். கற்பனை வேண்டாம், சுற்றி நடக்கிற நிஜமான குறை ஒன்றை எழுதணும், அதைச் சரிசெய்யவேண்டியவர் பேருக்கே எழுதணும் என்று சொல்லியிருந்தாள். ஐம்பத்தெட்டுப் பேப்பரையும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு முற்றத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் நிற்காமல் போகிறது, ஹாஸ்டல் சாம்பாரில் புழு கிடக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை என்று வந்துகொண்டே இருந்தது. நன்றாக எழுதியிருந்தால் அவள் மார்க் போடுவதில்லை. 'ரெடி டு செண்ட்' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போடுவாள். இனி அனுப்பவேண்டியதுதான் பாக்கி என்று அர்த்தம். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் அது கிடைக்கும். இதுவரை ஒரு பிள்ளையும் அனுப்பியதில்லை. அனுப்பும் என்று அவளும் நினைத்ததில்லை.

அடுத்த பேப்பர் மாரிசெல்வியுடையது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற தங்கத்தாயின் இளைய மகள். அவளுடைய அக்கா பத்திரகாளி மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் போய்விட்டாள். மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்த்தபடியே செத்த ஆறு பேரில் ஒருத்தி.

கடிதம் ஒரே பக்கம்தான், பட்டாசுக் கம்பெனிகளைச் சோதிக்கிற அதிகாரிக்கு. வெம்பக்கோட்டை ரோட்டில் முத்துக்கிருஷ்ணன் முதலாளியின் கம்பெனி. லைசென்ஸ் உள்ள அறைகள் பன்னிரண்டு. அதற்கு வெளியே மூன்று வேப்பமரத்தடியில் நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்து சரவெடி பின்னுகிறார்கள். அவர்களுக்குப் பத்தடி தள்ளி மருந்து ஏற்றிய வெடி வெயிலில் காய்கிறது. தீப்பிடித்தால் ஓட ஒரே ஒரு வழி. பதினைந்து வேலை நாளுக்குள் அவர்களுக்குப் பாதுகாப்பான இடம் ஏற்படுத்தித் தரவேண்டும். எங்கேயும் கெஞ்சல் இல்லை. ஒரு வார்த்தை அதிகம் இல்லை.

பானுப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். அந்த நாற்பத்திரண்டில் ஒருத்தி அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நக இடுக்கில் ஒட்டிய அலுமினியப் பவுடரைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நீ ரூமுக்குள்ள உக்காந்து வேலை பாத்தா என்ன?"

"எதுக்குத்தா திடீர்னு கேக்க?"

"சும்மாதான்."

"ரூமுக்குள்ளயா! நீ ஒருநா வந்து உக்காந்து பாரு, தெரியும். மேல கான்கிரீட்டு காஞ்சு உச்சந்தலையில எறங்கும். மருந்து நெடி வேற. நாலு பேரு நாலு மூலையில, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம பொணம் மாதிரி உக்காந்திருக்கணும். மரத்தடின்னா காத்து வரும், பேச்சு வரும். ஒங்க தங்கத்தாய் அத்தை வாயத் தொறந்தான்னா பொளுது போறதே தெரியாது. எனக்கு நடு மரந்தான். பத்து வருசமா அங்கனதான். போர்மேனு ரூமுக்குப் போன்னு சொன்னாலும் நான் போமாட்டேன்."

"பயமா இல்லையாம்மா?"

"பயந்தா கஞ்சி குடிக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைத் தலையில் தடவிக்கொண்டு மாரித்தாய் உலை வைக்கப் போனாள்.

அங்கே அந்தப் பேனாவை மூடி வைத்திருக்கலாம். பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் ஏழு வருஷமாகப் பேப்பரைப் பேப்பராகப் பார்த்துப் பழகிய கை. இவ்வளவு சுத்தமான கடிதத்தை எந்தப் பிள்ளையும் அவளுக்கு எழுதித் தந்ததில்லை. 'ரெடி டு செண்ட்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

மூன்றாவது வாரம் கம்பெனிக்கு மூன்று ஜீப் வந்தது. அதிகாரிகள் மரத்தடியைப் படம் பிடித்தார்கள், தலையை எண்ணினார்கள், லைசென்சை நிறுத்திவைத்து கேட்டுக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

தீபாவளி சீசனுக்கு லோடு ஏறுகிற நேரம். ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. காலையில் வேன் ஹாரன் இல்லாமல் தெரு செத்துக் கிடந்தது. ஆடிக் காற்று வந்து கரிசல் புழுதியை வாரி வாரி வீட்டுக்குள் கொட்டிவிட்டுப் போனது. சில பேர் வேலிக்கருவை வெட்டப் போனார்கள். மாரித்தாய்க்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. விளக்கிய பாத்திரத்தையே மறுபடியும் விளக்கினாள். தங்கத்தாய் பதினோரு மணிக்கெல்லாம் தூக்குவாளியோடு வந்துவிடுவாள். கம்பெனியில் மரத்தடியில் எப்படியோ அப்படியே இங்கேயும் இரண்டு பேரும் கூழை மாற்றி ஊற்றிக்கொண்டு, மோர்மிளகாயைப் பங்கு வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"எந்த நாசமாப் போறவன் எளுதிப் போட்டானோ மதினி," என்பாள் தங்கத்தாய். "என் மூத்தவளைத் தூக்கிக் குடுத்துட்டும் நான் அங்கனதான போய் உக்காந்தேன்? சின்னவ படிச்சு முடிக்க இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அவ அப்பன் குடிச்சே போய்ச் சேந்துட்டான். நான் வேற எங்க போவேன்?"

"தொறந்துருவாக மதினி. முதலாளிக்கும் தீவாளி வரும்லா," என்று மாரித்தாய் அவள் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

கல்லூரியில் ஒருநாள் மத்தியானம் மாரிசெல்வி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வேறு யாரும் இல்லை.

"மேடம், நான்தான் அனுப்புனேன்."

பானுப்பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. புரியாதவள்போல, "எதை?" என்றாள்.

"அந்த லெட்டரை. நீங்க ரெடி டு செண்ட்னு போட்டிருந்தீகள்ல. மேடமே சொல்லிட்டாக, இனி அனுப்பாம வச்சிருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். மூணு ஆபீஸ் மெயில் ஐடி கண்டுபிடிச்சு, சப்ஜெக்ட் லைன் போட்டு, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே அனுப்புனேன்."

"பேரு போட்டியா?"

"பயமா இருந்துச்சு மேடம். புதுசா ஒரு ஐடி தொறந்து, 'ஒரு தொழிலாளியின் மகள்'னு மட்டும் போட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துரும்." பிள்ளை அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "அக்கா போன மாதிரியே அம்மாவும் போயிருமோன்னுதான் மேடம் எழுதுனேன். மரத்தடியில ஒரு ஷெட்டு போட்டுக் குடுப்பாகன்னு நெனச்சேன். இழுத்துப் பூட்டுவாகன்னு நெனைக்கல."

கெஞ்சாதே, கேள் என்று சொல்லித்தந்தவள் அவள்தான். கேட்டால் என்ன நடக்கும் என்பதை அவள் சொல்லித்தரவில்லை. அவளுக்கே தெரியாது. தான் நடத்துகிற பாடத்தைத் தானே நம்பியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, வெட்கமாக இருந்தது. அதை அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறாள். "யார்கிட்டயும் சொல்லாதே. ரெண்டு மாசத்துல கேம்பஸ் இன்டர்வியூ வருது. அதை மட்டும் பாரு," என்று முகம் கழுவிவிட்டுப் போகச் சொன்னாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கடிதத்தின் நகல் எப்படியோ கம்பெனி ஆபீசுக்கு வந்துவிட்டது என்று பேச்சு அடிபட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்கள் எல்லாம் குழாயடியில் நிற்கிற நேரமாகப் பார்த்து, போர்மேன் காளிராஜ் பானுப்பிரியா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். கையில் ஒரு ஜெராக்ஸ்.

"டீச்சர், இங்கிலீசுல இருக்கு. நம்ம சனங்களுக்குப் புரியிற மாதிரி கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாதா என்ன? வெளிநாட்டு ஆர்டரையே வாங்குகிறவர். இது தூண்டில் என்று அவளுக்குத் தெரிந்தது. மாட்டேன் என்றாலும் மாட்டிக்கொள்வோம் என்பதும் தெரிந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். மாரித்தாயும் தங்கத்தாயும் தோளோடு தோள் ஒட்டி முன்னால் நின்றார்கள்.

பானுப்பிரியா வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். மூன்று வேப்பமரத்தடியில் நாற்பத்திரண்டு பேர் என்று சொன்னபோது, "நம்ம தலைய எண்ணியிருக்காகளே," என்று ஒருத்தி வாயில் கையை வைத்தாள். கடைசியில் கையெழுத்து இடத்துக்கு வந்தாள். 'ஒரு தொழிலாளியின் மகள்.'

காளிராஜ் பேப்பரைத் திருப்பி வாங்கி நாலாக மடித்தார். "நல்ல இங்கிலீசாம்ல டீச்சர். ஆடிட்டரே பாத்துட்டு அசந்துட்டாராம். இம்புட்டு நல்லா எளுத இந்த ஊருல யாரு இருக்கா?"

பெண்கள் பானுப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க பாருங்க," என்று அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அபராதத்தைக் கட்டி, ரெண்டு வாரத்துல தொறக்கப் போறோம். எல்லாரையும் எடுத்துக்கிடச் சொல்லிட்டாரு முதலாளி. இதை எளுதுன வீட்டை மட்டும் எடுக்கக்கூடாது. அந்த வீடு எதுன்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரியலைன்னா ஒருத்தரும் வர வேண்டாம், வெளியூர் ஆளுகளை வச்சுக்கிடுவோம். வேற கம்பெனி போர்மேன்மாருட்டயும் சொல்லியாச்சு."

மாரிசெல்வி கூட்டத்துக்குப் பின்னால் குடத்தைப் பிடித்தபடி நின்றாள். அவள் வாய் திறக்கப் போகிறாள் என்பது பானுப்பிரியாவுக்கு முகத்திலேயே தெரிந்தது. இந்தப் பிள்ளை பேர் வெளியே வந்தால் தங்கத்தாய்க்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியிலும் இடமில்லை. அந்த வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது, பிள்ளையின் படிப்பும் நின்றுபோகும். தன் வீட்டிலோ மாசம் பிறந்தால் ஒரு சம்பளம் வருகிறது. அவள் மனசு இந்தக் கணக்கைத்தான் போட்டது. போட்ட கணக்கு சரிதான். ஆனால் கொடுக்கப் போகிறது அவளுடைய வேலையை இல்லை, அம்மாவுடைய வேலையை. அது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான்தான் எழுதினேன்," என்றாள்.

தங்கத்தாய்தான் முதலில் அசைந்தாள். மாரித்தாயின் தோளைவிட்டு விலகி நின்று, தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! ஒனக்கு மாசச் சம்பளம் வருது. எங்க அடுப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி! எம் பிள்ளைய எரிச்ச தீயை மறந்துட்டு வயித்துக்காகப் போய் உக்காந்தவடி நான். என் வயித்துல அடிக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?" அவள் மாரித்தாய் பக்கம் திரும்பினாள். "ஏ மதினி, ஒனக்கும் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டேதான தெனமும் எனக்குக் கூளு ஊத்துன?"

மாரித்தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். தங்கத்தாய் குனிந்து, இரண்டு கையாலும் தெருமண்ணை வாரி அந்த வாசலைப் பார்த்துத் தூற்றினாள். மண்ணை வாரித் தூற்றினால் அந்த வீட்டோடு அத்தோடு சரி. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. காற்று அந்த மண்ணைத் தூற்றியவள் தலையிலேயே பாதி போட்டது. அவள் அதைத் தட்டிவிடாமல் நடந்தாள். பின்னாலேயே மாரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அன்றைக்கு மத்தியானம் மாரித்தாய் அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். சீனியவரைக்காயை முன்னால் போட்டுக்கொண்டு நரம்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பானுப்பிரியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ எளுதல," என்றாள் மாரித்தாய், காயைப் பார்த்துக்கொண்டே.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கு அந்த மரத்தடின்னா உசுருன்னு ஒனக்குத் தெரியும். நீ எளுதியிருந்தா ஆயிரங் குத்தம் எளுதியிருப்ப, மரத்தடிய எளுதியிருக்க மாட்ட. யாரு, தங்கத்தாய் மகளா?"

பானுப்பிரியா தலையசைத்தாள். பேப்பரில் தான் சிவப்பு மையில் எழுதியதையும் சொன்னாள்.

"பாவம், பிள்ளை," என்றாள் மாரித்தாய். கொஞ்ச நேரம் நரம்பு எடுத்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "பத்து வருசம்த்தா. ஒங்கப்பன் செத்த பதினாறாம் நாளு நான் அந்த மரத்தடிக்குத்தான் போனேன். இந்த வீட்டுல இருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும். அங்கன போய் அவளுககிட்ட அளுது, அவளுககூடச் சிரிச்சு, அப்படித்தான் பொளச்சேன். நீ அதைத் தூக்கி ஒரு வார்த்தையில குடுத்துட்ட."

"அந்த வீட்டுல வேற வழியில்லம்மா."

"குடுத்தது தப்புன்னு சொல்லல. எங்கிட்டக் கேட்டியா? ஒரு எட்டு உள்ள கூப்பிட்டு, இப்படிம்மான்னு கேட்டிருந்தா நானே வெளிய வந்து எம் மகதான் எளுதுனான்னு சொல்லியிருப்பேன். எம் மதினிக்கு நான் குடுத்தேன்னு எனக்கு ஒரு சந்தோசமாவது மிஞ்சியிருக்கும். நீ கேக்கல."

ஊருக்கெல்லாம் பேச்சுச் சொல்லித்தருகிறவள், பெற்றவளிடம் பேசவேண்டியதைப் பேசாமல் விட்டுவிட்டாள். அவள் அழுதாள். மாரித்தாய் அவளைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. காய் அரிந்து முடித்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

கம்பெனி திறந்தது. திறப்பதற்கு முன்னால் முதலாளி மூன்று வேப்பமரங்களையும் வெட்டிவிட்டார். மரம் இருந்தால்தானே மரத்தடி. ஷெட்டும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. நாலு பேர் அறையில் ஏழு பேரைத் திணித்து உட்காரவைத்தார்கள். உள்ளே வெந்து போய் வருகிற பெண்கள் வேனை விட்டு இறங்கும்போதெல்லாம் பானுப்பிரியாவைத்தான் வைதார்கள். மாரித்தாய் வேன் வருகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள். தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்கு ஒருமுறை வேலை கேட்டுப் போனாள். பேரைக் கேட்டதும் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மகள் கல்லூரிக்குப் போனபிறகு அவள் யாரோடும் பேசாமல் பகல் முழுக்க என்ன செய்தாள் என்பது யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பானுப்பிரியா வந்து கேட்டால், "இருந்தேன்," என்பாள்.

புரட்டாசியில் சென்னைக் கம்பெனி ஒன்று இன்டர்வியூவுக்கு வந்தது. மாரிசெல்வி நேராக நின்றாள். கண்ணைப் பார்த்துப் பேசினாள், நெளியாமல் கை குலுக்கினாள். எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு அப்படி வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

தங்கத்தாய் பூந்தி லட்டும் காராச்சேவும் வாங்கித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மகளையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். மாரித்தாய்க்குக் குரல் கேட்டதும் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். பக்கத்து வீட்டில் கொடுத்தாள் தங்கத்தாய். அடுத்து இந்த வீடு. மாரிசெல்வி நின்றுவிட்டாள்.

"ஏட்டி, அங்கன என்ன பராக்கு? வா இங்க," என்று மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தங்கத்தாய் அந்த வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள். மாரித்தாய் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் மாரிசெல்வி புறவாசல் வழியாக வந்தாள். துப்பட்டாவுக்குள்ளே ஒரு லட்டை மறைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாரித்தாய் காலில் விழுந்தாள். எழுப்பினாலும் எழுந்திருக்கவில்லை.

"நான் அம்மாட்டச் சொல்லிருதேன் அத்தை. இதுக்கு மேல என்னால முடியல."

"சொல்லக்கூடாது. ஒரு மகளை மண்ணுக்குக் குடுத்தவ. இன்னொரு மகதான் அம்புட்டுப் பேரு நெளலையும் பறிச்சான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. என்னைய வஞ்சுக்கிட்டாவது நல்லா இருக்கட்டும். நீ நல்லாருப்ப தாயி. போயிட்டு வா."

"இதை வாங்கிக்கோங்க அத்தை," என்று பிள்ளை லட்டை நீட்டினாள்.

மாரித்தாய் கை நீளத்தான் செய்தது. பாதியில் திரும்பிவிட்டது. "ஒங்கம்மாவுக்குத் தெரியாம நான் வாங்கக்கூடாதுத்தா. அவ குடுக்கும்போது வாங்கிக்கிடுதேன்."

"அம்மா குடுக்க மாட்டாக அத்தை."

"தெரியும்," என்றாள் மாரித்தாய்.

பிள்ளை போனபிறகு புறவாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பானுப்பிரியா ஓடிப்போய்ப் பிடித்தாள். மூன்று மாசமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அந்தப் பிள்ளைக்கு மொத மொட்டை போடையில, மாமன் மடி இல்லைன்னு என் மடியிலதான உக்கார வச்சா தங்கத்தாய்," என்றாள். "என்னையத் தாண்டிப் போயிட்டாளே."